ஒழுங்கையில் ஒட்டிய பச்சைப் புள்ளிகள்

மவுண்ட் வெல்லிங்டனில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கும் தொழிற்சாலைகள் இருந்த தெருவுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை இருந்தது. இரண்டு பேர் உரசாமல் நடக்கக்கூடிய அகலம். என் நடைக்கு நூற்றைம்பது காலடி நீளம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே பலகை வேலி. பாதித் தூரத்தில் வளைந்து திரும்புவதால் ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. விளக்குக் கம்பம் ஒன்று இருந்தது; அதன் குமிழை மாற்றிய மறுவாரமே யாராவது கல்லெறிந்து உடைத்துவிடுவார்கள். இந்த வழியைத் தவிர்த்தால் தொழிற்சாலைத் தெருவுக்கு இருபது நிமிடம் சுற்றி நடக்கவேண்டும். ஆகவே எல்லோரும் அதற்குள்ளால்தான் போய்வந்தோம்.

அங்கே அடிபட்டவர்களின் விவரத்தை நான் ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். முதல் பதிவு என்னுடையது. பெப்ரவரி, செவ்வாய், காலை ஆறு பத்து. ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலைசெய்த கிடங்குக்குப் பஸ் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பாலிருந்து அரைச் செங்கல் ஒன்று வந்து தோள்மூட்டில் விழுந்தது. பின்னால் சிரிப்பும் ஒரு நாயின் குரைப்பும் கேட்டன. யாரையும் காணவில்லை. வேலை முடிந்து வந்ததும் நாள், நேரம், இடம், காயம் என்று நான்கு பத்தி பிரித்து எழுதினேன். அதற்குப் பிறகு வந்தவை மற்றவர்களுடையவை: போத்தலால் தலையில் அடிபட்டவர், நாயை ஏவிவிட்டதில் கெண்டைக்கால் கிழிபட்டவர், சப்பாத்தைக் கழற்றச் சொல்லி உதைக்கப்பட்டவர். நூலகத்தில் எடுத்து நான் வாசித்த வரலாற்று நூல்களில் முற்றுகைகளுக்கும் சண்டைகளுக்கும் நாள் இருந்தது. அடிபட்ட மனிதர் மறுநாள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார் என்பது எதிலும் இல்லை. என் கொப்பியில் அதற்கும் ஒரு பத்தி சேர்த்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆண்டை இங்கே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் ஏழாவது பதிவு யாருடையது என்று அந்தத் தெருவில் இருந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

ஏழாவது, ஜூன் மாதத்து வியாழன், மாலை ஐந்து இருபது. பூமியின் தென்பாதியில் அது குளிர்காலம், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை முடிந்து எனக்கு முன்னால் நடந்துபோனார். யாழ்ப்பாணத்திலிருந்து கணவரோடு அகதியாக வந்தவர். என்னை அண்ணை என்று கூப்பிடுவார். வளைவுக்கு அப்பால் அவர் மறைந்து சில நொடிகளில், விறகு பிளப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. நான் ஓடிப்போனபோது ஒருவன் அவருடைய கைகளைப் பின்னால் பிடித்திருந்தான். மற்றவன் பூட்டு ஒன்றைச் சங்கிலியில் கட்டி வீசிக்கொண்டிருந்தான். பையை அவர் விடவில்லை. உள்ளே சாப்பாட்டுப் பெட்டியும் வீட்டுக் கதவின் திறப்பும்தான் இருந்தன என்று பிறகு சொன்னார். நான் கத்தியதும் இருவரும் மறுமுனையால் ஓடினார்கள். அவர் முழங்காலில் நின்றபடி வாயிலிருந்து பற்களை உள்ளங்கையில் துப்பிக்கொண்டிருந்தார். தாடை பக்கவாட்டில் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் குழாயால்தான் சாப்பாடு. அன்று இரவே கணவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை.

"அவ படியிலை விழுந்தவ, அண்ணை. அவ்வளவுதான்."

நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தன் தம்பியை இங்கே கூப்பிடப் போட்ட பேப்பர் இமிகிரேஷனில் கிடக்கிறது, பொலிஸ், முறைப்பாடு என்று எங்காவது பெயர் பதிந்தால் அதோடு சரி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேர் பிடிச்சவங்கள் எண்டு தெரிஞ்சா, எங்கடை சனம் அதோடை கதையை நிப்பாட்டுமே?" என்று கேட்டார். தெருவில் யார் கேட்டாலும் படி என்றே சொல்வதாக ஒப்புக்கொண்டேன். கொப்பியில் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

ஜூலையில் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் பகுதி இருபது வருடம் கழித்து எப்படி இருக்கவேண்டும் என்பதைக் குடியிருப்பாளர்களே சொல்லவேண்டுமாம். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். திட்டமிடும் பகுதியைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண் அதிகாரி ஒருவர் டெயரி என்கிற தெருமுனைக் கடை வாசலில் என்னைக் கண்டு, தமிழ்க் குடும்பங்கள் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை, நீங்கள் அழைத்துவர முடியுமா என்று கேட்டார். நல்ல மனது உள்ளவர். நான் வீடு வீடாகப் போனேன். எல்லாக் கதவிலும் ஒரே கேள்விதான்: போனால் ஏதும் பிரச்சினை வருமா? முறைப்பாடு ஒன்றும் சொல்லத் தேவையில்லை, வந்து இருந்தால் போதும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். வந்தார்கள், பதினான்கு குடும்பங்கள். கம்பி கட்டிய தாடையைக் கழுத்துத் துணியால் மறைத்துக்கொண்டு அந்தப் பெண்ணும் வந்தார்.

சுவரில் எங்கள் பகுதியின் பெரிய வரைபடம். ஆளுக்கு ஒரு தாள் பச்சை வட்ட ஸ்டிக்கர், ஒரு தாள் சிவப்பு. உங்களுக்கு வேண்டிய இடங்களில் பச்சை, பயமோ வெறுப்போ தருகிற இடங்களில் சிவப்பு என்று அதிகாரி விளக்கினார். எங்கள் ஆட்கள் வரிசையாக எழுந்துபோனார்கள். அரசாங்க உத்தியோகத்தர் வந்து குறை என்ன என்று கேட்டால், ஒரு குறையும் இல்லை ஐயா என்று சொல்லிப் பழகிய சனம் நாங்கள். குறை சொன்ன ஊருக்கு அடுத்த கிழமை யார் வருவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். சிவப்பை ஒருவரும் தொடவில்லை. பச்சையை எங்கே ஒட்டுவது? அவரவருக்கு வரைபடத்தில் அடையாளம் தெரிந்த இடம் தினமும் நடக்கும் ஒழுங்கை. முதல் ஆள் அதில் ஒட்டினார். இரண்டாவது ஆள் முதல் ஆளைப் பார்த்து ஒட்டினார். முடிவில் ஒழுங்கை முழுவதும் பச்சைப் புள்ளிகளால் மூடிப்போயிற்று.

என் முறை வந்தபோது கொப்பி கோட்டுப் பையில்தான் இருந்தது. நானும் பச்சையை ஒட்டினேன்.

அந்தப் பெண் தன் இரண்டு தாள்களையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதை நான் மட்டும் கவனித்தேன்.

ஓகஸ்டில் ஒன்பதாவது பதிவு. ஞாயிறு, பகல் பதினொன்றரை. தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்து எங்கள் தெருவில் அறை எடுத்திருந்த இளைஞரை வளைவில் வைத்து விழுத்தி, சப்பாத்துக் காலால் மிதித்தார்கள். மூன்று விலா எலும்பு. அவரைப் பார்க்கப் போனபோது சிரிக்கப் பயந்து சிரித்தார். "நானும் பச்சைதான் சார் ஒட்டினேன். எல்லாரும் ஒட்டுறாங்க, சரி, புனிதமான இடம் போலன்னு நெனச்சேன்."

இரண்டாவது கூட்டம் செப்டம்பர் கடைசிச் சனி. பழைய வரைபடத்துக்குப் பக்கத்தில் புதிய வரைவை மாட்டியிருந்தார்கள். நிறம் தீட்டிய பெரிய படம் ஒன்று: ஒழுங்கையை அகலமாக்கி, இரண்டு பக்கமும் செடி வைத்து, வளைவில் ஒரு வாங்கு போட்டிருந்தது. வாங்கில் ஒரு தாய் குழந்தை வண்டியோடு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பகுதியில் மக்கள் மிக அதிகமாக நேசிக்கும் இடம் இதுதான், இதே போன்ற வழிகள் இன்னும் இரண்டு திறக்கப்போகிறோம் என்று அதிகாரி மகிழ்ச்சியோடு சொன்னார். அதற்கு வழிகாட்டியவர்கள் என்று எங்கள் பக்கம் கையைக் காட்டினார். சிலர் கைதட்டினார்கள். எங்கள் ஆட்களும் தட்டினார்கள்.

எதிர்வீட்டுப் பெண் எழுந்து முன்னால் போனார். கம்பியை எடுத்துவிட்டிருந்தார்கள், ஆனால் வாய் இடப்பக்கம் இழுத்தபடியே இருந்தது. பழைய வரைபடத்தின் முன் நின்று பச்சைப் புள்ளிகளை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். அவை உரியவில்லை, தாள்தான் கிழிந்தது. அதிகாரி பதறி, என்ன வேண்டும் என்று கேட்டார். கணவர் போய் மனைவியின் மேற்கையைப் பிடித்து இழுத்தார். அவர் அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, அந்தக் கொப்பியை வாசியுங்கோ."

எனக்குக் கொப்பி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அவர் ஒழுங்கையில் கிடந்தபோது நான் மணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் நேரத்தைக் குறித்தது அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

எழுந்து நின்று ஆங்கிலத்தில் வாசித்தேன். முதல் பதிவு, இரண்டாவது, மூன்றாவது. மாதம், கிழமை, நேரம், காயம். ஆறாவது முடிந்ததும் கணவர் அமைதியாகச் சொன்னார்: "அடுத்ததை விடுங்கோ, அண்ணை."

நான் நிறுத்தினேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசியுங்கோ."

ஜூன், வியாழன், மாலை ஐந்து இருபது என்று தொடங்கினேன். இரண்டு ஆண்கள் என்ற இடத்துக்கு வந்திருப்பேன். மடக்குக் கதிரையின் இரும்பு விளிம்பு என் புருவத்துக்கு மேலே இறங்கியது. இரத்தம் கண்ணுக்குள் ஓடியதால் அடுத்த அடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மூக்கெலும்பு முறியும் சத்தம் காதுக்குள் கேட்டது. விழுந்த பிறகு கணவர் என் வயிற்றிலும் முதுகிலும் உதைத்தார். ஒவ்வொரு உதைக்கும் "சொன்னனான், சொன்னனான்" என்று அழுதார். ஆம், அழுதுகொண்டே உதைத்தார். விலக்க வந்த தமிழ்நாட்டு இளைஞருக்கும் முழங்கையால் விழுந்தது, சுகமாகி வந்த அதே விலாவில். பிறகு நான்கு பேர் சேர்ந்து அவரைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்கள்.

கொப்பி தரையில் கிடந்தது. அந்தப் பெண் அதை எடுத்தார். என் கையெழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. மூடிவிட்டுத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதிகாரியிடம் சொன்னார்: இரண்டு பேர், ஒரு பூட்டு, என் முகம். விரலால் உதட்டை விலக்கிப் பல் இல்லாத இடத்தைக் காட்டினார். கைப்பையிலிருந்து மடித்துவைத்த சிவப்பு ஸ்டிக்கர் தாளை எடுத்து, புதிய வரைவின் மேல், வாங்கில் உட்கார்ந்திருந்த தாயின் முகத்தில் ஒன்றை ஒட்டினார். மிச்சத்தை ஒழுங்கை நெடுக ஒட்டினார். தாள் முடியும்வரை ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்தபின், நாய் கடித்தவர் எழுந்துபோய் மேசையில் கிடந்த சிவப்புத் தாள் ஒன்றை எடுத்து ஒட்டினார். பிறகு மற்றவர்கள்.

அதிகாரி பொலிஸைக் கூப்பிடப் போனார். வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். வழக்கு என்று ஒன்று வந்தால் கணவருடைய தம்பியின் பேப்பர் அதோடு முடிந்துவிடும். மருத்துவமனையில் தாதி எப்படி நடந்தது என்று கேட்டபோது, படியில் விழுந்தேன் என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் கஞ்சியோடு வந்தார். என் மூக்கையும் ஆறு தையலையும் பார்த்தார்.

"நீங்களும் படியிலையோ விழுந்தனீங்கள்?"

ஓம் என்றேன்.

"உங்கடை வீட்டிலை படியே இல்லையே, அண்ணை." கொப்பியை மேசையில் வைத்தார். "இதையும் எழுதுங்கோ. ஆர் அடிச்சதெண்டும் எழுதுங்கோ. இனி ஒருத்தரும் படியிலை விழத் தேவையில்லை."

அவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுதினேன். பத்தாவது பதிவு. சனி, பிற்பகல் மூன்று ஐந்து. இடம் என்ற பத்தியில் முதன்முறையாக ஒழுங்கை இல்லை, பள்ளிக்கூட மண்டபம். அடித்தவர் என்று ஒரு பத்தி அதுவரை இருக்கவில்லை. ஓரத்தில் கோடு கிழித்து அதையும் சேர்த்தேன்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்னே ஒழுங்கையின் இரண்டு முனையையும் இரும்புக் கம்பிவலை வேலியால் அடைத்தார்கள். அச்சிட்டு வந்த இருபது வருடத் திட்டத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: குடியிருப்பாளர்களின் விருப்பப்படி மூடப்பட்டது. யாருடைய பல் என்று அதில் இல்லை. முதல் கிழமையே யாரோ வலையை வெட்டி ஆள் நுழையும் ஓட்டை போட்டார்கள். சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நான் பால் வாங்கப் போனபோது அந்தப் பெண்ணின் கணவர் குந்தியிருந்து, குறட்டால் கம்பியை முறுக்கி அந்த ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு மேலாக நாங்கள் கதைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பக்கத்தை ஒருக்காப் பிடியுங்கோ."

பால் போத்தலைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தேன். வெட்டுப்பட்ட கம்பி முனை உள்ளங்கையைக் கிழித்தது. அவர் முறுக்கி முடிக்கும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகும் பல தடவை வெட்டினார்கள்; பல தடவை தைத்தார். எல்லாவற்றுக்கும் நாள் வைத்திருக்கிறேன். காயம் என்ற பத்தியில் என் உள்ளங்கையைத் தவிர வேறொன்றும் இல்லை. மழைநாட்களில் அந்தப் பெண் குடையோடு பெருந்தெருவைச் சுற்றி வேலையிலிருந்து வருவதை ஜன்னலால் பார்ப்பேன். என்னைக் கண்டால் வாசலில் நிற்பார்.

"உங்கடை கொப்பியாலை எனக்கு ஒவ்வொரு நாளும் இருபது நிமிசம் கூட நடை," என்று திட்டிவிட்டு, குடையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போவார்.