முப்பத்தைந்து நிமிட லங்காவி

விமான டிக்கெட் விற்பது சுலபம். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கும் எல்லோரும் இதில் ஒரு தடவையாவது மாட்டியிருப்பீர்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் சின்னக் கடையில் அதிகம் விற்பது லங்காவித் தீவுக்கான டிக்கெட். ஆகாய வழியில் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர், பறப்பது முப்பத்தைந்து நிமிடம்.

பாதி விலை

பக்கத்துத் தெருவில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், லங்காவிக்கு டிக்கெட் கேட்டார். விலையை மலேசிய வெள்ளியில் சொன்னேன். கோலாலம்பூர் ஒரு மணி நேரம், லங்காவி அரை மணி நேரம், அப்படியென்றால் பாதி விலைதானே என்றார். நிமிடக் கணக்கில் விலை போடுவதில்லை என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப ரெண்டு ரவுண்டு சுத்திட்டு இறக்கச் சொல்லுங்கண்ணே, குடுத்த வெள்ளிக்காவது ஆவட்டும்.”

சாப்பாட்டு பிரேக்

ஜெயா, விமான நிலையத்தை ஒட்டிய பேக்டரியில் பல வருடமாக வேலை செய்பவர். தினமும் தலைக்கு மேல் விமானம் போகும். பயத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. லங்காவியில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். நாளை சாயங்காலத்துக்குள் பிறந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குவாலா பெர்லிஸ் துறைமுகம் போய் பெரி படகு ஏறினால் அரை நாள் ஓடிவிடும். விமானத்தில் முப்பத்தைந்து நிமிடம்தான் என்றேன். அவர் முகம் தெளிந்தது.

“எங்க மத்தியான பிரேக்கும் அவ்வளவுதாண்ணே. மணி பார்க்காமலே அந்த நேரம் எனக்குத் தெரியும் லா. கண்ண மூடிக்கிட்டு உக்காந்துடறேன், போடுங்க டிக்கெட்ட.”

கூரை

மறுநாள் காலை நல்ல மழை. ஜெயா இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதும் கண்ணை மூடியிருக்கிறார். இன்ஜின் சத்தம், அதிர்வு. பறக்கிறோம் என்றே நினைத்திருக்கிறார். மத்தியான பிரேக் அளவு நேரம் ஆனதும் கண்ணைத் திறந்து ஜன்னல் வழியே பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசுவதைப் பார்த்துத் தானும் எனக்குப் போன் போட்டார்.

“வந்துட்டேண்ணே. எங்க பேக்டரிக்காரங்க லங்காவியிலயும் ஒரு கூரை போட்டு வச்சிருக்காங்க, அதே நீலக் கலரு.”

மிச்சம்

மழைக்காக விமானம் இன்னும் பினாங்கிலேயே நிற்கிறது என்று சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அவர் பெல்ட்டைக் கழற்றும் சத்தம் போனில் கேட்டது. எழுந்து இறங்கிவிட்டால், பிள்ளை பிறக்கும்போது மகள் பக்கத்தில் அவர் இருக்க முடியாது. எனக்கு ஆறுதல் பேச வராது. மேலே போனதும் முப்பத்தைந்து நிமிடம்தான் அம்மா என்று மட்டும் திரும்பச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“இருந்த பயத்த எல்லாம் தரையிலயே செலவழிச்சுட்டேண்ணே. இனி கண்ணத் தொறந்துக்கிட்டே போறேன்.”

பேத்தி

அதன் பிறகு அன்று முழுக்கப் போன் இல்லை. கவுண்டரில் வந்தவர்களுக்கு மீதிச் சில்லறையை இரண்டு தடவை தப்பாகக் கொடுத்தேன். மறுநாள் காலையில்தான் கூப்பிட்டார். தாயும் பிள்ளையும் நலம், பெண் குழந்தை. பிரசவ அறையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இவரே நின்றாராம். டாக்டர் சொன்ன சாயங்காலம் போய், ராத்திரியும் போய், விடிந்த பிறகுதான் குழந்தை வந்ததாம்.

“பேத்தியும் உங்க கடையிலதாண்ணே டிக்கெட் எடுத்திருக்கா.”

இப்போதெல்லாம் எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், எப்போதிலிருந்து எண்ணப் போகிறீர்கள் என்று நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.