ஓலே சொல்லாத மண்டபம்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் தெற்கு ஸ்பெயின்காரி. ஒரு காலத்தில் அந்த ஊர் ஃபிளமெங்கோப் பாட்டு பாடியவர். புருஷன் செத்ததோடு பாட்டை நிறுத்திவிட்டார். ஆறு வருடம் கழித்து, "ஒருமுறை ஆட்கள் முன்னால் பாடிப் பார்க்கிறேன். வராவிட்டால் இனி வாயே திறக்க மாட்டேன்" என்றார். பழைய பாட்டுகளை மீட்டெடுக்க லண்டனில் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறதாம். அதிலிருந்து ஒருவர் கிட்டார் வாசிக்க வருவார். கேட்க ஆட்கள்தான் இல்லை.

ஆட்களுக்கா பஞ்சம்? எங்கள் மாதா கோயில் சனம் எதற்கு இருக்கிறது? நான் பொறுப்பு என்று மார்தட்டினேன்.

எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன் என்ற கொழுப்பு எனக்கு உண்டு. இந்தப் பாட்டைப் பற்றி முதன்முதலில் எழுதியவர்களில் ஒருவரின் புத்தகத்தை ஆங்கிலத்தில் தேடிப் படித்தேன். சாராயக் கடைகளில் கேட்ட வரிகளையெல்லாம் சேர்த்து அச்சில் போட்டிருந்தார். தாய் செத்த பாட்டு, சிறைப் பாட்டு, முழுக்க இழவு. கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. அந்தக் குறையை நான் கவனிக்கவும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் முப்பது பேரைக் கோயில் மண்டபத்தில் இருத்தினேன்.

"இது பெரிய வெள்ளிக்கிழமையில நாங்கள் பாடுற மாதாவின்ர வியாகுலப் புலம்பல் மாதிரி. ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. போனை நிப்பாட்டுங்கோ."

"ஓம், ஓம்" என்றார்கள். அழுத குழந்தையைத் தாய் வெளியே கொண்டுபோனார்.

ஸ்பெயின்காரி பாடத் தொடங்கினார். முதல் வரி முடிந்தது. உடனே கிட்டார்க்காரர் "ஓலே!" என்று கத்தினார். பின்வரிசை அன்ரி என் தோளைத் தட்டினார்.

"அந்தாளைப் பேசாமல் இருக்கச் சொல்லு தம்பி. பாவம், மனுசி அழுதழுது பாடுது."

எனக்கும் கோபம்தான். அவர் மறுபடி கத்தியபோது உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் திகைத்துப்போய் வாயை மூடிக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு வரி முடிவிலும் பாடியவர் நிறுத்தி எங்களைப் பார்த்தார். நாங்கள் பக்தியோடு தலையைக் குனிந்தோம். எதையோ கேட்கிறார் என்று மட்டும் விளங்கியது. தண்ணீரா? நாற்காலியா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குரல் மெலிந்துகொண்டே போனது. பாதி வரியில் நிறுத்தி, நன்றி சொன்னார். சனம் எழுந்து நின்று விடாமல் கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அதற்குள் அவர் கோட்டைப் போட்டுவிட்டார்.

வாசலில் கிட்டார்க்காரர்தான் விளக்கினார். பாடும்போதே கேட்பவர்கள் கத்த வேண்டுமாம்; அந்தச் சத்தத்தில்தான் அடுத்த வரி எழும்புமாம். மௌனமாக இருந்தால், உன் பாட்டு எங்களைத் தொடவில்லை என்று பொருளாம். கத்திய ஒரே மனிதரையும் அடக்கியவன் நான். வெட்கத்தில் செத்துப்போனேன்.

திங்கட்கிழமை வேலையில், "எல்லாருக்கும் பிடித்திருந்தது. அழுதார்கள்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"இன்னொரு முறை கூட்டி வருகிறேன். எங்கே கத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தே கூட்டி வருகிறேன்."

அவர் தலைமுடியை மூடும் வலைத்தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கோபமே இல்லை; அதுதான் தாங்க முடியவில்லை.

"சொல்லிக் கொடுத்துக் கத்தினால் எனக்குத் தெரிந்துவிடும்" என்றார்.