ராயபுரம் டிராமில் கைமாறிய சட்டை

மனைவிக்கு நிறைமாதம். இன்று டிராமில் எதிரே கைக்குழந்தையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். விடுவேனா! குழந்தை ஏன் அழும், எப்படித் தூக்குவது என்று கேட்டுக் குடைந்தேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

வளர்ந்தாலும் போடலாமென்று பெரிதாக வாங்கிய பட்டுச் சட்டையைப் பெருமையாகக் காட்டினேன்.

"இன்னா நைனா, பொறக்கறதுக்கு முன்னாடியே புதுசு வாங்கிகினு கீறே? பச்சப்புள்ளைக்கு மொதல்ல பழசுதான் போடணும். நல்லா வளந்த புள்ளையோடது."

"பழசுக்கு நான் எங்கேம்மா போவேன்?"

உடனே தம் பிள்ளையின் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பட்டுச் சட்டையை அதற்கு மாட்டினார். அளவு கச்சிதம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

என் கையிலுள்ள சட்டை இன்னும் ஈரமாக இருக்கிறது.

ஆசீர்வாதமா, வியாபாரமா? மனைவி கேட்பதற்குள் யாராவது சொல்லுங்கள்.