வெட்டாமல் விட்ட பெயர்

பேருந்துப் பணிமனை மெக்கானிக்குக்கு நீளமான சொல் என்றாலே ஆகாது. பாதியில் நறுக்கி, வாலில் ஒரு ‘இ’ ஒட்டிவிடுவார். எலெக்ட்ரீஷியன் எலெக்கி ஆனார்; போஸ்ட்மேன் போஸ்ட்டி; சூப்பர்வைசர் சூப்பி. சூப்பர்வைசர் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தால் அவரே, “சூப்பி பேசுறேன்” என்றார். வாய்ச் சோம்பல் என்பார்கள் சிலர். சும்மா சொல்லக் கூடாது, அது கொஞ்சல்தான்.

நூலகத்தில் வேலை பார்த்த அவர் மனைவி மட்டும் கல்யாணமான வாரமே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“என்னை வெட்டுற வேலையெல்லாம் வேண்டாம். முழுசா கூப்பிடணும், சொல்லிட்டேன்.”

“சத்தியமா,” என்றார். அன்றிலிருந்து வாய் நிறைய, “லைப்ரரியன் அம்மா!” முப்பது வருடத்தில் ஓர் எழுத்து குறைந்ததில்லை.

பிறகு பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், பேச்சுப் பயிற்சி தரும் பெண் வாரம் இரண்டு நாள் வந்து படங்களைக் காட்டினாள். உதடு கோணுமே தவிர சத்தம் வராது. மனைவிக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் குரல் ஒரு தடவை தன்னைக் கூப்பிட வேண்டும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மதியங்கள் கனவுபோல நகர்ந்தன. ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கும். வெயில் கட்டில் காலைத் தொட்டு, தரையில் ஊர்ந்து, புத்தக அலமாரி வரை போகும். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். விழித்திருக்கிறோமா, தூங்குகிறோமா என்று சில நேரம் அவளுக்கே தெரியாது.

அப்படி ஒரு மதியம் வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

“போஸ்ட்டி,” என்றது ஒரு குரல்.

கனவு என்றே நினைத்தாள். திரும்பினால், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். அவர் பார்வை அவள் பக்கம் வந்தது.

“லை... லை...”

முழுச் சொல்லோடு மல்லுக்கட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. சத்தியம் செய்தவர் அல்லவா, விடுவாரா? அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதுங்க. வெட்டிக்கோங்க.”

அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

“நெஜமாத்தான் சொல்றேன். வெட்டுங்க.”

வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

“லைப்ரி.”

“என்னங்க?” என்றாள், பிறந்ததிலிருந்தே அதுதான் தன் பெயர் என்பதுபோல.