அறுத்துவிட்ட சங்கரா

“படகுக்குப் போனோம். மீன் இல்லை.”

தினசரி நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்புறம் அம்மா எழுதிவைத்திருப்பது இவ்வளவுதான். முன்புறத்தில் ஐப்பசி என்று தெரிகிறது. வருடம் அச்சாகியிருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. தென்காசி தனி மாவட்டமானது 2019இல். நாங்கள் அப்போது முகவரியில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தோம். நான் ஆறாம் வகுப்பு. ஆகவே அதற்குச் சில வருடங்கள் முன்பு. இதைவிடத் துல்லியமாக என்னால் சொல்ல முடியவில்லை.

அப்பா ராணுவத்தில் சுபேதார்; பனிமலை எல்லையில் காவல். வருடத்துக்கு ஒருமுறை நீண்ட விடுப்பில் வருவார். அது எந்த மாதம் என்பது அவர் கையில் இல்லை. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, கேரளத்திலிருந்து புளியறை வழியாகத் தென்காசிக்கு மீன் கொண்டுவந்து விற்பவர். மீன் விஷயத்தில் அவர் சொன்னால் குடும்பத்தில் மேல்முறையீடு கிடையாது.

ஒரு விடுப்பில் மாமா வீட்டில் சங்கரா மீன் குழம்பு. அப்பா ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, இதைத் தூண்டிலில் பிடித்தால் எப்படியிருக்கும் என்று கேட்டு வைத்தார்.

“திங்கதோட நிறுத்திக்கிடும் மாப்ளே. மலையில நிக்க ஆளுக்குக் கடல்ல என்ன சோலி?” என்றார் மாமா.

அப்பாவுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். “நானே ஒரு சங்கராவைப் பிடிச்சாந்து இதே சட்டியில போடுதேன், பாரும்” என்றார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெருவுக்கு அதைச் சொன்னவர் மாமாதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதல் முயற்சி அந்த விடுப்பிலேயே, ஆடியில். ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டியது. சாரலும் காற்றுமாக ஊரே குளிர்ந்து கிடந்தது. இதைவிட நல்ல பருவம் ஏது என்று நாங்கள் மூவரும் தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினோம். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குப் படகு வாடகைக்கு விடும் ஒருவரை அப்பா விசாரித்து வைத்திருந்தார். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “குத்தாலத்துல உங்களுக்குக் குளுகுளுன்னு அடிக்கில்லா, அந்தக் காத்துதான் அண்ணாச்சி இங்கன வந்து படகைக் கவுக்குது” என்றார். எங்கள் ஊரின் பெருமையான காற்று வேறொரு ஊரில் இப்படிப் பெயரெடுத்திருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

எடுத்துவைத்த காசுக்கு ஒரு படகாவது ஏறுவோம் என்று மறுநாள் குற்றாலத்துப் படகுக் குளத்தில் சவாரி போனோம். அம்மாதான் மிதித்தாள். மாமா கரையில் நின்றுகொண்டு, “மாப்ளே, திமிங்கிலம் கெடந்தா எனக்கு ஒண்ணு!” என்று கத்தினார்.

அடுத்த விடுப்பு சித்திரையில் வந்தது. கடல் குளம் மாதிரி இருந்ததாம். ஆனால் அது மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தன. அதற்கடுத்த விடுப்புதான் ஐப்பசி. இந்தமுறையும் மீன் இல்லையென்றால் அப்பா மாமா வீட்டு வாசலை மிதிக்கப்போவதில்லை என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். எனக்கு அந்த மீன் மிகவும் வேண்டியிருந்தது.

விடிகிற நேரத்தில் தூத்துக்குடியிலிருந்து படகு கிளம்பியது. கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்துக்குப் ‘பார்’ என்று பெயர். சங்கரா அங்கேதான் இருக்கும். பாருக்கு மேலே நங்கூரம் போடுவதற்குள் அப்பாவுக்குத் தலை சுற்றியது. பனிமலையில் நின்ற மனிதர் ஒரு ஓரமாகப் படுத்துவிட்டார். தூண்டில் நரம்பு அம்மா கைக்கு வந்தது. படகுக்காரர் இரைக்குக் கணவாய் மீன் துண்டு கோத்துக் கொடுத்து, எப்போது விட வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அம்மாவின் தோள் முன்னால் போயிற்று. அவள் சத்தம் போடவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தண்ணீருக்குள் சிவப்பாக ஒரு முதுகு புரண்டது. “சங்கராதாம்க்கா! நல்ல உருப்படி!” என்றார் படகுக்காரர். அந்த நொடியில் மீன் கீழே பாய்ந்து பாறை இடுக்கில் புகுந்துகொண்டது. நரம்பைத் தளர்த்திப் பொறுத்திருந்தால் தானே வெளியே வரும் என்றார். சொல்லிக்கொண்டே வடகிழக்கே பார்த்தார். அங்கே கரி பூசினாற்போல ஒரு கோடு.

“வாடைக்காத்து எழும்புது மாதிரி இருக்குக்கா. என்ன செய்ய? காசு குடுத்து வந்திருக்கீய, நீங்களே சொல்லுங்க.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை மட்டும் தூக்கி, “என்னைப் பாக்காத. தூண்டிலு உன் கையில இருக்கு” என்றார்.

“நீங்க ஒத்தையில வந்திருந்தா என்ன செய்வீய அண்ணே?” என்று அம்மா படகுக்காரரிடம் கேட்டாள்.

“ஒத்தையிலன்னா இந்நேரம் பாதி தூரம் போயிருப்பேன்.”

அம்மா கத்தியை வாங்கி நரம்பை அறுத்தாள். நான் “மீனு, மீனு!” என்று அலறினேன். “ஏட்டி, சும்மா இரி. மீனு அது வீட்டுல இருக்கு. நாம நம்ம வீட்டுக்குப் போவோம்” என்றாள்.

கரைக்கு வந்தபோது வெயில் அடித்தது. பேருந்திலும் நான் பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மின்னலாவது வெட்டினால் அம்மா மானம் பிழைக்கும் என்று எனக்குத் தோன்றியது. திருநெல்வேலியிலும் வெயில்தான்.

அப்பா நேராக மாமா வீட்டுக்குத்தான் நடந்தார். அத்தை மசாலா அரைத்து வைத்திருந்தாள். வாசலில் நாலு பேர் இருந்தார்கள். “சட்டி காயுது மாப்ளே” என்றார் மாமா.

அப்பா நிமிர்ந்து நின்றார். மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல இருந்தது. “மீனைப் பிடிச்சது உம்ம தங்கச்சி. காத்து வருதுன்னு அறுத்துவிட்டதும் அவதான். நான் வாந்தியெடுத்துட்டுப் படுத்துக் கெடந்தேன். மூணு பேரு போனோம், மூணு பேரும் வந்து சேந்துட்டோம்.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அப்பா மட்டும் அம்மா பக்கம் திரும்பி, அவளை முன்னால் விட்டு உள்ளே போனார். அன்று அந்த மசாலாவில் முட்டைக் குழம்பு வைத்தார்கள்.

பிறகு வந்த எல்லா விடுப்புகளிலும் அப்பா இந்தக் கதையைச் சொன்னார். ஒருமுறைகூட மீனின் அளவைக் கூட்டியதில்லை, வாந்தியையும் விட்டதில்லை. அறுத்த இடம் வரும்போது அவர் குரலில் ஒரு கம்பீரம் ஏறும். தோற்றுப்போன கதையை ஒருவர் ஏன் இவ்வளவு பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வாடை வந்திருந்தால்தான் அம்மா செய்தது சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் பல வருடம் அந்தக் காற்றையே தேடினேன். போன வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் போய்க் கேட்டேன். அன்று மதியத்துக்கு மேல் கடல் கொந்தளித்தது என்றார் ஒருவர். அது வேறு வருடம் என்றார் இன்னொருவர். அந்தப் படகுக்காரர் படகை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாராம்.

வீட்டுக்கு வந்து விசாரித்ததைச் சொன்னேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அம்மா, “இதுக்கா அவ்வளவு தூரம் போயிட்டு வந்த?” என்றாள். இத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் அதை யாரிடமும் விசாரித்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று வாடை வந்ததா என்பது இதுவரை உறுதியாகவில்லை.