அண்ணனூர் எஸ்தரும் பத்து நாள் நாயும்

வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யக் கிளம்பும் இளம்பெண்கள் சிலர், எதற்குத் தயாராக வேண்டும் என்று கேட்டு எனக்கு எழுதுகிறார்கள். பெட்டியில் என்ன வைப்பது என்று சொல்வது சுலபம். அங்கே சந்திக்கும் குழந்தைகளுக்காக எவ்வளவு பயப்பட வேண்டியிருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

1994 ஜூலையில், ஆறு மாத விசாவில் கிள்ளானிலிருந்து சென்னைக்குப் போனேன். வயது இருபத்திரண்டு. சென்ட்ரலிலிருந்து மின்ரயிலில் முக்கால் மணி நேரம் போனால், ஆவடிக்கு முந்தின நிறுத்தம் அண்ணனூர். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஒரு சிறிய கிறிஸ்தவ சபை அங்கே பகலில் பார்த்துக்கொண்டது. பாட்டும் கணக்கும் சொல்லித்தர வேண்டும், மதியம் சோறு போட வேண்டும். பிள்ளைகளுக்கு நான் 'மலேசியாக்கா'. என் தமிழைக் கேட்டு முதல் வாரம் முழுக்கச் சிரித்தார்கள்.

நவம்பரில் ஒரு நாள், ஏழு வயது எஸ்தர் தன் சோற்றைப் பாவாடையில் கட்டிக்கொண்டு நழுவுவதைப் பார்த்தேன். பின்னாலேயே போனேன். ரயில் ஷெட் மதிலோரம் கிடந்த ஒரு சிமென்ட் குழாய் முன்னால் அவள் குந்தியிருந்தாள். உள்ளே பழுப்பு நாய் ஒன்று. முந்தின நாள் போட்ட சோறு எறும்பு மொய்த்து அப்படியே கிடந்தது. நாயின் தாடை தொங்கி, எச்சில் நூலாக வழிந்தது. அவள் கையை நீட்டினாள். இடுப்பைப் பிடித்து இழுத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

"அத்த உட்டுட்டு வராதக்கா, செத்துரும்" என்று அழுதாள்.

"செத்தா என்ன?"

கணுக்காலைக் காட்டினாள். பல் பட்ட காயம், மேலே சுண்ணாம்பு. கடித்து ஆறு நாள் ஆகியிருந்தது. "கட்ச்ச நாயி பத்து நாள் உசுரோட இருந்தா ஊசி வாணாமாம். செத்துட்டா தொப்புள சுத்தி பதினாலு ஊசியாம். அதான் சோறு போட்டுகினு கீறேன்."

அது பிள்ளைகளின் கற்பனை இல்லை. அந்தப் பகுதியில் பெரியவர்களும் நாயைப் பார்த்துவிட்டுத்தான் ஊசிக்குப் போவார்கள். எஸ்தர் அதையே பிடித்துக்கொண்டு, நாயைச் சாகவிடாமல் காப்பாற்றப் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் அம்மாவோடு மூவரும் கிளம்பினோம். ஆவடி வரை ரயில், அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பஸ். பத்து கிலோமீட்டருக்குள்தான், அரை மணி நேரம்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று வழியில் அம்மா கேட்டார்.

"சொன்னா ஊசி போட இட்டுகினு பூடுவ."

எதிர் சீட்டுப் பெண், "கொழந்தைக்கு இன்னாம்மா?" என்று கேட்டாள். நாய்க்கடி என்றதும் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். எஸ்தரின் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லேட்டா வந்திருக்கீங்க. போட்டுடலாம்" என்றார் அரசு மருத்துவமனை டாக்டர். அம்மா எஸ்தரைத் தூக்கிக்கொண்டு முன்னே போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "மூணு மாசம் பாத்துக்கங்க. தண்ணி குடிக்கும்போது தொண்டை பிடிச்சுக்குதான்னு பாருங்க."

அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் அடுத்த நாளிலிருந்து நான்தான் கூட்டிப்போனேன். பூந்தமல்லி வந்தால் போதும், எஸ்தர் ஜன்னல் கம்பியை விடமாட்டாள். "எறங்கு தாயி, உன்னால டிரிப்பு லேட்டாவுது. குத்திகினு வா, திரும்பி வர்றப்ப முன் சீட்டு உனக்குத்தான்" என்பார் கண்டக்டர். பதினான்கும் போட்டு முடித்தோம். வயிறெல்லாம் வீங்கியிருந்தது.

ஊசி முடிந்ததும் என் பயம் அதிகமானது. தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் புரையேறியது. டம்ளரைப் பிடுங்கிவிட்டு, அவள் இருமி முடிக்கும்வரை நின்ற இடத்தில் நின்றேன். எதற்காகப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. போகப் போக, நான் வருவதற்கு முன்பே டம்ளரோடு வாசலில் நிற்க ஆரம்பித்தாள். மூன்று மாதம் முடிவதற்குள் என் விசா முடிந்துவிட்டது.

இனி, போகிறவர்களுக்கு. நாய்க்கடி ஊசியை நீங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். போய் இறங்கிய அன்றே அரசு மருத்துவமனைக்கு வழியையும் முதல் பஸ்ஸையும் தெரிந்துகொள்ளுங்கள். நாய் கடித்தால் உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வேண்டாம். நாய் பிழைக்கிறதா என்று காத்திருக்காமல் ஊசிக்குக் கிளம்புங்கள். இப்போது தொப்புளைச் சுற்றிப் போடுவதில்லை, கையில்தான், சில தவணைகளே. இதைப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிவிடுங்கள். சாப்பிடாமல் எழுந்து போகும் குழந்தையின் பின்னால் போய்ப் பாருங்கள்.

கிள்ளானில் எங்கள் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தால் அந்த மாதங்களில் நான் எடுக்கமாட்டேன், தங்கைதான் எடுப்பாள். ஏப்ரலில் ஒரு நாள் அவள் ரிசீவரை என் காதில் வைத்து அழுத்தினாள். எனக்குப் பின் அங்கே போன பெண், ஐ.எஸ்.டி பூத்திலிருந்து பேசினாள். எஸ்தர் பக்கத்திலேயே நிற்கிறாளாம், என்னிடம் ஒன்று கேட்க வேண்டுமாம்.

"அக்கா, அங்க நீ தண்ணி குடிக்கிறத யாரு பாத்துக்கிறாங்கோ?"