மடிக்கொடியில் ஓர் அந்துப்பூச்சி

அறுபதுகளில் எங்கள் மாட்டுங்கா வீட்டுக் காபித்தூள் டப்பாக்களில் காபித்தூள் இருந்ததில்லை, புழுக்கள்தாம் இருந்தன. கல்லூரியில் விலங்கியல் கற்பித்த என் அக்கா, அம்பர்நாத் ஓடைக்கரையில் நின்ற ஆற்றுப்பாலை மரத்தில், சுருண்ட இலைகளுக்குள் அவற்றைக் கண்டுபிடித்தாள். அவை அரிசிமணி அளவே உள்ள அந்துப்பூச்சிகளாயின. ஒன்று சாம்பல், ஒன்றில் பழுப்புப் பட்டை, ஒன்று கரிக்கறுப்பு. பம்பாய்ப் பக்கம் யாரும் பதிவு செய்யாத அபூர்வ இனம், மூன்றும் ஒன்றுதான் என்றாள் அக்கா. அருங்காட்சியக நிபுணர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றும் வேறு வேறு இனம், இல்லையென்றால் ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வளர்த்துக் காட்டட்டும் என்றார்.

அக்கா விடவில்லை. ஒரே ஒரு தாய்ப்பூச்சியைத் தனியே வைத்து முட்டையிட வைத்தாள். கொட்டும் மழையில் இலைக்காக அம்பர்நாத்துக்கும் வீட்டுக்கும் லோக்கல் ரயிலில் அலைந்தாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் புழுவுக்கு இரை தேடி அலைகிறாளே என்று நான் பொருமுவேன். உள்ளூர எனக்குப் பெருமைதான்.

கூடு கட்டும் பருவத்தில் டப்பாவின் துணிமூடி நெகிழ்ந்துவிட்டது. புழுக்கள் சுவரேறி, உயரக் கொடியில் உலர்ந்த அம்மாவின் மடிப்புடவைக்குள் போய்க் கூடு கட்டிவிட்டன. அம்மா குளித்துவிட்டுக் கோலால் எடுத்துக் கட்டும் வரை அதை நாங்கள் யாரும் தொடக் கூடாது. அவள் ஓர் உதறு உதறினால் அக்காவின் உழைப்பெல்லாம் போச்சு.

"அம்மா, பூச்சி வெளியில வர வரைக்கும் அதை எடுக்காதேம்மா." அக்கா கெஞ்சினாள்.

"நன்னாயிருக்கு! சமையலுக்கு நான் எதைக் கட்டிக்கறது?" என்று அம்மா எரிந்து விழுந்தாள்.

ஆனால் எடுக்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றை மடிப்புடவையைத் தினமும் நனைத்து, அது மழையில் காயாமல் ஈரமாகவே இருக்க, அதையே உடுத்தித் தும்மிக்கொண்டே சமைத்தாள். அப்படி ஒரு பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை, அக்காவைத் தவிர.

ஒரு காலையில் அம்மா கத்தினாள்: "ஓடி வாடி, கறுப்பா ஒண்ணு வந்துடுத்து!" பின்னாலேயே சாம்பலும் பழுப்புப் பட்டையும் வந்தன. மாட்டுங்காவில் அந்த மரமே கிடையாது. வேறு தாய் என்று எவரும் வாதாட முடியாது. நிபுணர் ஒப்புக்கொண்டு பதிவு செய்தார்.

அக்கா மூச்சிரைக்க வந்து அதைச் சொன்னதும், சிவந்த அக்காவையும் கறுத்த என்னையும் அம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கா இத்தனை நாள் ஈரத்துல நின்னேன்? உங்க ரெண்டு பேரையும் அவர்கிட்ட அழைச்சுண்டு போய்க் காட்டியிருக்கலாமேடி!"